கடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் சுவாமி மலை: திருகோணமலையின் ஒரு பாறை ஏன் இத்தனை பேருக்கு வேண்டும்?

2025 ஏப்ரலில் பிரதமர் மோடி இலங்கை போனபோது அறிவிப்புகள் வரிசையாக வந்தன. பாதுகாப்பு ஒப்பந்தம், சம்பூர் சூரிய மின் நிலையம், ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையில் ஓர் எரிசக்தி மையம். இந்தப் பட்டியலின் நடுவே ஒரு வரி: திருக்கோணேஸ்வரம் கோயிலைச் சீரமைக்க இந்தியா மானியம் தரும். டிவி விவாதங்கள் எல்லாம் பாதுகாப்பு ஒப்பந்தத்தைச் சுற்றியே ஓடியதால், பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆனால் அந்தக் கோயில் நிற்கும் இடம் சாதாரண இடம் இல்லை. கடலிலிருந்து சுவர் மாதிரி நேராக எழும் ஒரு பாறையின் உச்சி அது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அதற்கு 'சுவாமி ராக்' என்று பெயர். தமிழில் சுவாமி மலை, கோணமலை. (கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் முருகன் சுவாமிமலை வேறு. கூகுளில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும்.) ஊருக்கே அந்த மலையால்தான் பெயர்: திரு, கோண, மலை. வெள்ளைக்காரன் வாயில் அதுவே 'டிரிங்கோமலி' ஆனது.

பாறை, கோயில், கோட்டை, ராணுவம், கடலடிச் சிற்பங்கள், திமிங்கிலங்கள், ஒரு டச்சுப் பெண்ணின் பெயரில் ஒரு தூண். எல்லாம் ஒரே முனையில் இருக்கின்றன. அந்த முனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

எவ்வளவு உயரம்?

350 அடி என்று சில குறிப்புகள், 400 அடி என்று சில. எங்கே நின்று அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. அதன் மேல் இன்னொரு கோபுரத்தைத் தூக்கி வைத்தால் வரும் உயரம். சிவகாசி, தாயில்பட்டி பக்கம் வெயிலில் கருவேல மரங்களுக்கு மேலே வெட்டவெளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இரண்டு கோபுர உயரத்திலிருந்து குனிந்தால் நேரே கீழே கடல் நுரைப்பது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் காட்சிதான்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இந்த அனுபவம் கிடைக்காது. நம் கரை பெரும்பாலும் மணல், தாழ்வான கரை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் நிற்பது கடலுக்குள் இருக்கும் பாறை, செங்குத்துச் சுவர் இல்லை. கேரளத்தில் வர்க்கலா குன்று உண்டு, ஆனால் அது செம்புரைக்கல். மழைக்கும் அலைக்கும் உதிர்ந்துகொண்டே இருப்பது. கோணமலை அப்படிப்பட்டதல்ல. பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய கடினப் பாறை. சுற்றியிருந்த மென்மையான பகுதிகளைக் கடல் கரைத்துக்கொண்டு போக, இது மட்டும் மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வடக்கே பேக் பே, தெற்கே டச்சு பே என்று இரண்டு விரிகுடாக்களைப் பிரிப்பதே இந்த மூக்குதான்.

பாறைக்குக் கீழே இருப்பதும் சும்மா இல்லை. திருகோணமலைக்கு வெளியே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் தொடங்கி ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குகிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று திருகோணமலையைச் சொல்வதற்கும், போர்த்துகீசியர், டச்சு, பிரெஞ்சு, பிரிட்டிஷ் என்று அத்தனை பேரும் இதற்காக அடித்துக்கொண்டதற்கும் இந்த ஆழமும் ஒரு காரணம்.

கோட்டைக்குள் கோயில், கோட்டைக்குள் ராணுவம்

கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் முதலில் கோட்டை வாசலைத் தாண்ட வேண்டும். பிரட்ரிக் கோட்டை. 1803ல் இங்கிலாந்து இளவரசரான யார்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயரை ஆங்கிலேயர் வைத்தார்கள். அதற்கு முன்பே அது பல கை மாறிவிட்டது. இன்று உள்ளே இலங்கை ராணுவம் இருக்கிறது. சீருடைக்காரர்களைக் கடந்து, ஆலமரங்களுக்கு அடியில் படுத்திருக்கும் புள்ளிமான்களைக் கடந்து, மேட்டில் ஏறினால் கோயில். மான்களுக்கு மனிதர்களைக் கண்டால் பயமே கிடையாது. பையில் வாழைப்பழம் இருந்தால் கவனம்.

கோட்டை வாசலிலேயே நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வாசல் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இரட்டைக் கயல், பாண்டியர் சின்னம். 13ம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயல் சின்னத்தைப் பொறித்ததாகப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. மதுரைக்கு அந்தப்பக்கம், இந்தப்பக்கம் இருப்பவர்களுக்கு இது வெளிநாட்டுச் சுற்றுலா இடம் மட்டும் இல்லை என்பதற்கு அந்த மீன்களே சாட்சி.

மீன்களுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு கல்வெட்டும் உண்டு. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கியர் உடைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது போன்ற வாசகம் அது. உடைவதற்கு முன்பே செதுக்கியதா, உடைந்த பிறகு செதுக்கியதா என்பது ஆய்வாளர்கள் சண்டை. கோயிலை உடைத்துக் கட்டிய கோட்டையின் வாசலில், கோயில் உடைவதைப் பற்றிய கல் பதிந்திருக்கிறது என்பது மட்டும் மறுக்க முடியாதது.

1622: கோயில் விழுந்த கதை

கோணேஸ்வரம் எவ்வளவு பழையது? 7ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதன் மீது பதிகம் பாடியிருக்கிறார். அவர் கடல் தாண்டிப் போகவில்லை, ராமேஸ்வரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. இலங்கையில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான்: மன்னார் பக்கம் திருக்கேதீஸ்வரம், கிழக்கே திருக்கோணேஸ்வரம். சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டு ஒன்று கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. ஏக்கர் கணக்கில் 1,600க்கு மேல். அவ்வளவு நிலத்தை ஒரு சின்னக் கோயிலுக்கு யாரும் எழுதி வைக்க மாட்டார்கள்.

மலை உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததாக 17ம் நூற்றாண்டு போர்த்துகீசியப் பாதிரியார் குவேரோஸ் எழுதி வைத்திருக்கிறார். இதை உடைத்தவர்களின் தரப்பிலிருந்தே வந்த சாட்சியம் என்பதால், மிகைப்படுத்தல் என்று எளிதில் தள்ள முடியாது.

1622ல், தமிழ்ப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலம் கீழே ஊருக்குள் போயிருந்த நேரத்தில், பிராமணர் வேடத்தில் போர்த்துகீசிய வீரர்கள் உள்ளே புகுந்தார்கள் என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. தளபதி கான்ஸ்டன்டினோ டி சா. வேடம் போட்டார்களோ இல்லையோ, அவர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார் என்பது வரலாறு. கோயில் கற்களில் ஒரு பகுதி சுவரில் போனது. ஒரு பகுதி பாறையிலிருந்து கடலுக்குள் போனது.

பூசாரிகளும் ஊர்க்காரர்களும் சில விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். உள்நாட்டில் வயல்களுக்கு நடுவே இருக்கும் தம்பலகாமத்தில் வழிபாடு மறுபடி தொடங்கியது. அந்தக் கோயிலுக்கு ஆதிகோணேஸ்வரம் என்று பெயர்; இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் கவனிக்கணும். கோணேசர் கோயில் என்பது பாறை மேல் இருந்த கட்டடம் மட்டும் இல்லை. 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூலில், எந்தக் குடி எந்தத் தொண்டு செய்ய வேண்டும், யார் நெல் அளக்க வேண்டும், யார் பூ கொண்டுவர வேண்டும், யார் கணக்குப் பார்க்க வேண்டும் என்று விரிவாக இருக்கிறது. தானத்தார், வரிப்பத்தார் என்று தனிப் பெயர்களே உண்டு. திருகோணமலையைச் சுற்றியிருந்த வயல், குளம், ஊர் எல்லாம் அந்த உச்சிக்குக் கயிறு கட்டியது போல இணைந்திருந்தன. கந்தளாய்க் குளத்தையே கோயில் நிலங்களுக்காகக் குளக்கோட்டன் கட்டினான் என்கிறது தமிழ் மரபு. சிங்கள வரலாற்று மரபு அதை வேறு அரசனுக்குக் கொடுக்கிறது. அதாவது, பாறையின் மேல் ஒரு கல்லை நகர்த்தினால் பத்து ஊர்களில் அது தெரியும்.

கோயில் இல்லை, பாறையே கோயில்

இந்தக் கதையிலேயே அதிகம் பேசப்படாத, ஆனால் ரொம்ப ஆச்சரியமான பகுதி இதுதான். கோயில் போன பிறகு முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த உச்சியில் கட்டடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் வழிபாடு முழுசாக நிற்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் திருகோணமலை வந்த அதிகாரிகளும் பயணிகளும் ஒரே காட்சியை எழுதி வைத்திருக்கிறார்கள். மாலை நேரத்தில் ஒரு பூசாரி பாறையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேடைக்குப் போகிறார். கீழே நூறு மீட்டர் ஆழத்தில் அலை அடிக்கிறது. அவர் மந்திரம் சொல்லி, தேங்காய் உடைத்து, பூவைக் கடலுக்குள் வீசி, தீபத்தை உயர்த்திக் காட்டுகிறார். பின்னால் ஆண்களும் பெண்களும் கைகூப்பி நிற்கிறார்கள். இலங்கையில் காலனிய அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859ல் வெளியிட்ட தன் நூலில் இதைக் கொஞ்சம் மயங்கியே வர்ணிக்கிறார்.

சாமி எங்கே? சிலை இல்லை, கருவறை இல்லை. கோயில் இருந்த இடமும் அது விழுந்த கடலும் மட்டும்தான். பூவும் தீபமும் அந்தக் கடலுக்கு. கோட்டைக்குள் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கியோடு இருக்க, அவர்களைத் தாண்டிப் போய் ஊர்க்காரர்கள் இதைச் செய்துவந்தார்கள். கோயிலை இடித்தால் வழிபாடு தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்களின் கணக்கு எங்கே தப்பியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1950ல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியில் பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார். யாரோ புதைத்தது, யாரும் எடுக்காமல் காத்திருந்தது. ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். பணம் திரட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963 மார்ச்சில். கோணேசர், மாதுமை அம்பாள். பழைய மூன்று கோயில்களோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். இப்போது இந்திய மானியம் பற்றிப் பேசும்போது இந்த அளவு வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும்.

கடலுக்கு அடியில் ஒரு எழுத்தாளர்

அறிவியல் புனைகதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் தெரியும்தானே? '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'காரர். விண்வெளியைப் பற்றி எழுதினாலும் மனுஷனுக்கு ஆசை கடலடி மேல்தான். 1956ல் இலங்கை வந்தார். கடைசிவரை அங்கேயே தங்கிவிட்டார். அவரும் நண்பர் மைக் வில்சனும் கோணமலைக்குக் கீழே மூழ்கிப் பார்த்தபோது, பாறைகளுக்கு நடுவே செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் கிடந்தன. 1957ல் வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' என்ற புத்தகத்தில் கிளார்க் இதை எழுதினார்.

வில்சன் கடலிலிருந்து மீட்டதாகச் சொல்லப்படும் லிங்கம் இன்று கோயிலில் வழிபாட்டில் இருக்கிறது. பின்னாளில் வில்சனே துறவியாகி 'சுவாமி சிவ கல்கி' என்று பெயர் மாற்றிக்கொண்டார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். ஸ்கூபா பயிற்சி உள்ளவர்கள் இன்றும் சுவாமி ராக் அடியில் மூழ்குகிறார்கள். கற்களைத் தொடாமல், எடுக்காமல் வர வேண்டும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராவணன் வெட்டும், குதிக்காத காதலியும்

பாறையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு இருக்கிறது. கத்தியால் கீறின மாதிரி நேர்க்கோடு. புவியியல்படி அது பாறையில் இயல்பாக உண்டாகும் பிளவு. ஊரில் கேட்டால் 'ராவணன் வெட்டு'. தாய் வழிபடுவதற்காக ராவணன் இந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தான், வாளால் வெட்டினான், சிவன் தடுத்தார். கதை அங்கே முடியவில்லை. தாய் இறந்துவிட்டாள் என்று கேட்டு, இறுதிக் கடன் செய்ய அவன் வாளை ஏழு இடத்தில் ஊன்றினானாம். அங்கே பொங்கியதுதான் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு. தமிழ்நாட்டுப் பட்டிமன்றங்களில் ராவணன் வில்லனா நாயகனா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அவன் அம்மாவுக்காக மலையைத் தூக்கப்போன பிள்ளை. பாறை விளிம்பில் அவனுக்குச் சிலையும் உண்டு.

அதே விளிம்புக்கு இன்னொரு பெயர் 'லவ்வர்ஸ் லீப்'. டச்சு அதிகாரி ஒருவரின் மகள் பிரான்சினா வான் ரீட், காதலன் கப்பலில் தன்னை விட்டுப் போவதைப் பார்த்து இங்கிருந்து குதித்தாள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆதாரமாக ஒரு தூணையும் காட்டுவார்கள். 1687 ஏப்ரல் 24 என்ற தேதியோடு அவள் பெயர் அதில் இருந்தது உண்மை.

கதைதான் நிற்கவில்லை. பிரான்சினா அதன் பிறகும் உயிரோடு இருந்து, திருமணமும் செய்துகொண்டதை டச்சு ஆவணங்கள் காட்டுகின்றன. அவளை வளர்த்த தந்தை ஹென்ட்ரிக் வான் ரீட் சாதாரண ஆள் இல்லை. கேரளத்துத் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலை உருவாக்கியவர். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் அறிவு அதில் முக்கியப் பங்கு. டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையகம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியதும் இவர் முடிவால்தான். மகள் குதித்தாள் என்ற கதை எப்படிக் கிளம்பியது? தூணில் ஒரு பெண் பெயர், பக்கத்தில் பாறை விளிம்பு. மீதியைக் கேட்பவர்களின் கற்பனை நிரப்பிக்கொண்டது.

அந்தத் தூணே இடித்த கோயிலின் தூணாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. யாருடைய தூணில் யாருடைய கதை!

விளிம்புக்குப் பக்கத்து மரத்தில் குட்டிக் குட்டித் தொட்டில்கள் தொங்கும். குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கட்டியவை. காற்று அடிக்கும்போது அத்தனையும் சேர்ந்து ஆடும். ஒரு பொய்யான மரணக் கதைக்குப் பெயர்போன இடத்திலேயே பிறப்புக்கான வேண்டுதல். செல்பி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கடலைத்தான் பார்க்கிறார்கள், இந்தத் தொட்டில்களைக் கவனிப்பதில்லை.

நீலத் திமிங்கிலம் கரையிலிருந்தே

கடலடிப் பள்ளத்தாக்கு பற்றி மேலே பார்த்தோமே, அதற்கு இன்னொரு விளைவு உண்டு. ஆழமான நீர் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதால், திமிங்கிலங்களும் வருகின்றன. உலகின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்தூவலை, படகே ஏறாமல், சுவாமி மலை உச்சியிலிருந்தே பார்க்க முடியும். 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு திருகோணமலைக்கு வெளியே திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தது. 1983ல் போர் தொடங்கியது. பிறகு பல வருஷம் இந்தக் கடலில் கடற்படைப் படகுகள்தான் அதிகம். 2009க்குப் பிறகுதான் திமிங்கிலச் சுற்றுலா பெரிதானது.

போர்க்காலத்தில் மீனவர்களுக்கு இந்தக் கடல் பாதி மூடியே இருந்தது. எந்த நேரம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் கட்டுப்பாடு. இன்று பாறையின் இரண்டு பக்கமும் படகுகள் நிற்கின்றன. விடியற்காலையில் உச்சியில் நின்றால் வலை இழுப்பது தெரியும்.

சரி, மலை யாருடையது?

கேள்விக்கு வருவோம். பதில் ஒரே வரியில் கிடைக்காது.

திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களர் மூவரும் கணிசமாக வாழ்கிறார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அதனாலேயே இங்கே ஒவ்வொரு அடி நிலமும் அரசியல். மகாவம்சத்தில் வரும் 'கோகண்ண' என்ற இடம் இதுதான், இங்கே பௌத்த விகாரை இருந்தது என்பது சிங்களத் தரப்பில் சொல்லப்படுவது. கோட்டைக்குள் கோகண்ண விகாரை என்ற பெயரில் ஒரு பௌத்தக் கோயிலும் இருக்கிறது. ஆனால் அதே மகாவம்சம், மகாசேனன் என்ற அரசன் தேவர்களின் கோயில்களை இடித்து விகாரைகள் கட்டியதைச் சொல்லும் இடத்தில்தான் கோகண்ணவும் வருகிறது. அதாவது விகாரைக்கான சான்றே, அதற்கு முன் வேறு கோயில்கள் இருந்ததற்கும் சான்றாகப் பேசுகிறது. இதை வைத்து இரண்டு தரப்பும் இன்னும் வாதிடலாம். வாதிடுகிறார்கள்.

2020 ஜூனில் அப்போதைய அதிபர் கோட்டாபய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்லியல் இடங்களுக்காக ஒரு செயலணி அமைத்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். முதலில் அறிவித்த பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கோணேஸ்வரம் பற்றிய பயம் அப்போதிலிருந்து கூடியது. 2022ல் கோயிலுக்குப் போகும் பாதையோரக் கடைகளை நிரந்தரமாக்கும் திட்டம் பற்றிச் செய்தி வந்ததும் பிரச்சினை வெடித்தது. கோயில் நிர்வாகமும் தமிழ்க் கட்சிகளும் எதிர்த்தன.

இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பொம்மை, குளிர்பானம், தேங்காய்த் தட்டு விற்கும் கடைக்காரருக்கு அது வயிற்றுப்பாடு. போருக்குப் பிறகு தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வரும் சிங்களச் சுற்றுலாப் பயணிகள்தான் அவர்களின் முக்கிய வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் கோயிலுக்குள்ளும் வந்து கும்பிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் ஒரு முறை எல்லாவற்றையும் இழந்த ஊருக்கு, புனித நிலத்தில் நடும் ஒவ்வொரு கம்பமும் அடுத்த இழப்பின் தொடக்கமாகத் தெரிகிறது. கடை ஒரு தரப்புக்கு வியாபாரம், இன்னொரு தரப்புக்கு எல்லைக்கல். அரசு இதைச் சாதாரண நகராட்சிப் பிரச்சினை போல நடத்தியதுதான் சிக்கல்.

இந்திய மானியமும் இந்தச் சூழலுக்குள்தான் நுழைகிறது. கோட்டை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம், உள்ளே இருப்பது ராணுவம், கோயிலை நடத்துவது நிர்வாக சபை. எந்த வேலை தொடங்கினாலும் மூன்று வாசலைத் தட்ட வேண்டும். திருகோணமலையில் இந்தியாவுக்கு எண்ணெய்த் தொட்டிகள் விஷயத்திலும் ஆர்வம் உண்டு. பிரிட்டிஷார் விட்டுப்போன தொட்டிகளில் 61ஐக் கூட்டாக மேம்படுத்த 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. அதனால் கோயில் திருப்பணியையும் சிலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஊர்ப் பக்தருக்கு இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். கோபுரம் எழுமா என்பதுதான் அவர் கேள்வி.

போக நினைத்தால்...

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. வானிலையைப் பொறுத்து மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குப் பேருந்து. கொழும்பிலிருந்து என்றால் இரவு ரயில் வசதி.

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். மார்ச்சுக்குப் பிறகு அமைதி. திமிங்கிலம் பார்க்கவும் அதுதான் நேரம். சிவராத்திரியை அடுத்த நாள்களில் போனால் கோணேசர் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வருவதைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, தெருவே காத்திருக்கும். ஊர்வலம் முடிந்து சுவாமி பத்திரமாக மலைக்குத் திரும்பிய பிறகுதான் பலர் வீட்டுக்குள் போகிறார்கள்.